டிவிடி டிரைவ் திறக்கவில்லையா? பட்டனை அழுத்தியதும் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள்

பட்டனை அழுத்தியும் ட்ரே (டிஸ்க் வைக்கும் தட்டு) வரவில்லை என்றால், பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான் அதைப் பிடித்து வைத்திருக்கும்: மென்பொருள், மின்சாரம், தளர்ந்த ரப்பர் பெல்ட், இல்லையென்றால் உள்ளே இடம் மாறி உட்கார்ந்த டிஸ்க். எது என்று தெரியாமல் கத்தி முனையை விட்டு நெம்பினால் நல்ல டிரைவும் கெட்டுவிடும். எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், காது போதும். பட்டனை ஒரு முறை அழுத்தி, டிரைவுக்குப் பக்கத்தில் காதை வைத்து, விளக்கையும் பாருங்கள். பத்துப் பதினைந்து முறை தொடர்ந்து அழுத்த வேண்டாம். சில டிரைவ்கள் அத்தனை அழுத்தலையும் நினைவில் வைத்துக்கொண்டு பிறகு திறந்து மூடி விளையாடும்.

இங்கே சொல்வதெல்லாம் சிடி, டிவிடி, புளூ-ரே மூன்றுக்கும் பொருந்தும். திறக்கும் பொறியமைப்பு மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் டெஸ்க்டாப் டிரைவும் லேப்டாப் டிரைவும் உள்ளுக்குள் வேறு வேறு பிறவி. டெஸ்க்டாப் டிரைவில் ஒரு சின்ன மோட்டார் பெல்ட் வழியாக ட்ரேயைத் தள்ளி வெளியே கொண்டுவரும். லேப்டாப்பின் மெல்லிய டிரைவில் (தடிமன் 12.7 மி.மீ. அல்லது 9.5 மி.மீ.) தள்ளும் மோட்டாரே கிடையாது. ஒரு கொக்கி ட்ரேயைப் பிடித்திருக்கும், பட்டனை அழுத்தினால் மின்காந்தம் கொக்கியை விடுவிக்கும், ஸ்பிரிங் ட்ரேயை ஒரு சென்டிமீட்டர் வெளியே உதைக்கும், மீதியைக் கையால்தான் இழுக்க வேண்டும். ஆகவே லேப்டாப் ட்ரே "முழுசாக வரவில்லை" என்பது பழுது அல்ல.

ஒரு நிமிடச் சோதனை

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிறுவனத்தின் சின்னம் திரையில் தெரியும் அந்தச் சில விநாடிகளில், விண்டோஸோ லினக்ஸோ எழுந்திருக்கும் முன்பே, இஜெக்ட் பட்டனை அழுத்துங்கள். ட்ரே வந்துவிட்டால் டிரைவில் குறை இல்லை, இயங்குதளம்தான் பூட்டி வைத்திருக்கிறது. அப்போதும் வரவில்லை என்றால் மின்சாரமோ பொறியமைப்போதான் காரணம். டெஸ்க்டாப்பில் இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், கணினியை அணைத்து, டிரைவின் டேட்டா கேபிளை மட்டும் கழற்றிவிட்டு மின் கேபிளோடு இயக்குங்கள். பெரும்பாலான டிரைவ்கள் மின்சாரம் மட்டும் கிடைத்தாலே பட்டனுக்குத் திறக்கும். கட்டளை அனுப்ப ஆளே இல்லாதபோதும் திறக்காவிட்டால் மென்பொருளை மறந்துவிடலாம்.

விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை, ட்ரே அசையவில்லை

இது பெரும்பாலும் மென்பொருள் பூட்டு. டிஸ்க்கை ஏதாவது ஒரு நிரல் படித்துக்கொண்டிருக்கும்போது, "வெளியே எடுக்க அனுமதிக்காதே" என்ற கட்டளையை இயங்குதளம் டிரைவுக்கு அனுப்பும். அது கிடைத்தபின் பட்டன் வெறும் அலங்காரம். பூட்டைத் திறக்கும் கட்டளை வரும்வரை டிரைவ் அசையாது. நிரல் பாதியில் முடங்கினால் அந்தக் கட்டளை வரவே வராது.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து டிரைவின் மேல் வலது கிளிக் செய்து இஜெக்ட் கொடுத்துப் பாருங்கள். "பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால், வீடியோ பிளேயர், டிஸ்க் எழுதும் நிரல், வைரஸ் ஸ்கேன், மெய்நிகர் கணினி (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் நிரல்) ஆகியவற்றை ஒவ்வொன்றாக மூடுங்கள். மெய்நிகர் கணினிதான் பலரும் மறந்துவிடும் ஆள். அதற்குள் டிவிடியை இணைத்து வைத்திருந்தால் வெளியே என்ன செய்தாலும் விடாது. அதன் அமைப்பிற்குள் போய்த் துண்டிக்க வேண்டும்.

லினக்ஸில் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும் வரை (அதாவது இயங்குதளத்தோடு இணைந்திருக்கும் வரை) பட்டன் வேலை செய்யாமலிருப்பது இயல்பு. முதலில் அன்மவுண்ட் செய்யுங்கள், பிறகு டெர்மினலில் இஜெக்ட் கட்டளை கொடுங்கள். அன்மவுண்ட் ஆக மறுத்தால், ஏதோ ஒரு டெர்மினல் ஜன்னல் அந்த டிஸ்க்கின் கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். அங்கிருந்து வெளியே வாருங்கள். மேக்கில் இஜெக்ட் விசையை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், தட்டினால் போதாது. இன்டெல் சில்லு உள்ள மேக் என்றால், கணினி எழும்போது மவுஸ் பட்டனையோ டிராக்பேடையோ அழுத்திப் பிடித்தபடி இருந்தால் டிஸ்க் வெளியே தள்ளப்படும்.

பென்டிரைவ் போலக் கோப்புகளை இழுத்துப் போடும் முறையில் எழுதிய டிஸ்க்குக்கு ஒரு விதிவிலக்கு. அதை வெளியே எடுக்கச் சொன்னதும் விண்டோஸ் எழுதும் அமர்வை முடித்து மூடும். அதற்குச் சில நேரம் ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். அந்த நேரத்தில் விளக்கு சிமிட்டும், ட்ரே வராது. அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தினால் டிஸ்க்கில் உள்ளதும் போய்விடலாம்.

விளக்கு சிமிட்டுகிறது, டிஸ்க் சுழன்று சுழன்று நிற்கிறது

கீறல் விழுந்த டிஸ்க்கையோ அழுக்கு லென்ஸையோ வைத்துக்கொண்டு டிரைவ் படிக்கப் போராடுகிறது. வேகம் எடுக்கும், லேசர் தலை முன்னும் பின்னும் தேடும், வேகம் குறையும், மறுபடி ஆரம்பிக்கும். இந்தச் சுற்றுக்குள் இருக்கும்போது பல டிரைவ்கள் பட்டனைக் காதில் போட்டுக்கொள்ளாது. இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கணினியை முழுவதும் அணைத்து, மறுபடி இயக்கிய உடனே, டிஸ்க் வேகம் எடுப்பதற்குள் பட்டனை அழுத்துங்கள். பிடிபடாவிட்டால் கீழே சொல்லும் ஊசித் துளைதான் வழி.

விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

மின்சாரம் வரவில்லை. டெஸ்க்டாப் டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும். சர்க்யூட்டுக்கு 5, மோட்டார்களுக்கு 12. பழைய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பில் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12 வோல்ட், நடுவில் உள்ள இரண்டு கறுப்பும் தரை இணைப்பு (கிரவுண்ட்). மஞ்சள் வயர் முனை பின்னுக்கு நழுவியிருந்தால் விளக்கு எரியலாம், ஆனால் ட்ரே நகராது. ஆக "விளக்கு எரிகிறதே, மின்சாரம் வருகிறது" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சாட்டா மின் இணைப்பு 15 முனை கொண்ட தட்டையான பிளக். அது பாதி மட்டும் ஏறியிருப்பது அடிக்கடி நடக்கிற ஒன்று. கணினியை அணைத்துவிட்டு, கழற்றி மறுபடி நேராகச் செருகுங்கள். வேறொரு மின் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

யூஎஸ்பி வெளி டிரைவ் என்றால் சந்தேகம் முதலில் போர்ட் மேல் விழ வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. மெல்லிய டிவிடி டிரைவ் டிஸ்க்கைச் சுழற்ற ஆரம்பிக்கும் கணத்தில் ஒரு ஆம்பியருக்கு மேல் கேட்கும். மின்சாரம் போதாதபோது விளக்கு ஒரு முறை மின்னி அணையும், அல்லது "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்து கொக்கி விடுபடாது. ஹப் வழியாக இணைத்திருந்தால் எடுத்துவிட்டுக் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். இரட்டைத் தலை கேபிள் வந்திருந்தால் இரண்டு தலையையும் செருக வேண்டும், இரண்டாவது சும்மா கொடுத்ததல்ல. ஆப்பிள் யூஎஸ்பி சூப்பர்டிரைவில் பட்டனும் இல்லை, ஊசித் துளையும் இல்லை. டிஸ்க்கைத் திரும்ப வாங்கக் கணினியிலிருந்து இஜெக்ட் கட்டளைதான் கொடுக்க வேண்டும்.

சில லேப்டாப்கள் பேட்டரியை மிச்சப்படுத்த டிரைவுக்கு மின்சாரத்தையே நிறுத்தி வைக்கும். சார்ஜரைச் செருகிய நிலையில் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

"உய்ய்ங்" என்று மோட்டார் ஓடுகிறது, ட்ரே நகரவில்லை

டெஸ்க்டாப் டிரைவில் இந்தச் சத்தம் கேட்டால் அநேகமாக ரப்பர் பெல்ட்தான். மோட்டார் தண்டில் ஒரு சிறு கப்பி, அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய கப்பி, இரண்டையும் இணைக்கும் ஒரு மெல்லிய பெல்ட். ஆண்டுகள் ஆக ஆக ரப்பர் நீண்டு தளரும், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழவழப்பாகும். மோட்டார் சுழலும், பெல்ட் வழுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிஸ்க் உள்ளே இருந்தால் திறக்கும், காலியாக இருந்தால் திறக்காது என்று சிலர் சொல்வார்கள். கற்பனை இல்லை, உண்மைதான். டிஸ்க்கை மேலிருந்து பிடிக்கும் வட்டத் துண்டும் கீழே சுழலும் தண்டும் காந்தத்தால் ஒட்டிக்கொள்பவை. இடையில் 1.2 மி.மீ. தடிமனுள்ள டிஸ்க் இருக்கும்போது காந்தப் பிடி சற்றுக் குறையும். டிஸ்க் இல்லாதபோது இரண்டும் இன்னும் நெருங்கி இறுகிவிடும். ட்ரே வெளியே வர வேண்டுமானால் முதலில் அந்தப் பிடியைப் பிரித்துத் தண்டு கீழே இறங்க வேண்டும். தளர்ந்த பெல்ட் தோற்பது அந்த இடத்தில்தான். எனவே பெல்ட் மாற்றும்வரை ஒரு வேண்டாத டிஸ்க்கை ட்ரேயிலேயே விட்டு வையுங்கள். இந்தச் சின்ன உபாயத்தாலேயே மாதக்கணக்கில் ஓடும் டிரைவ்கள் உண்டு.

அவசரத்துக்கு: பட்டனை அழுத்தி மோட்டார் ஓடும் அதே நேரத்தில், டிரைவின் மேல் தகட்டை விரல் கணுவால் லேசாகத் தட்டுங்கள். காந்தப் பிடி விட்டுப்போக அந்த அதிர்வே சில சமயம் போதும். ஓங்கி அடிக்கக் கூடாது, உள்ளே இருப்பது லென்ஸ்.

"டக் டக் டக்" என்று பல் தாண்டும் சத்தம் வந்தால் பெல்ட் நன்றாகவே இருக்கிறது. பல்சக்கரத்தில் பல் உடைந்திருக்கும், இல்லையென்றால் ட்ரேயை ஏதோ ஒன்று தடுக்கிறது. உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு "டக்"கும் இன்னொரு பல்லைத் தேய்க்கிறது.

கொஞ்சம் வருகிறது, திரும்ப உள்ளே போய்விடுகிறது

ஏதோ வழிமறிக்கிறது. டிரைவைக் குறை சொல்லும் முன் கணினிப் பெட்டியின் முன்முகப்பைப் பாருங்கள். ட்ரேயின் முகமூடி (முன்னால் உள்ள பிளாஸ்டிக் பட்டை) பெட்டியின் விளிம்பில் உரசினால், மோட்டார் தடையை உணர்ந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். டிரைவை இரு பக்கமும் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ நகர்த்தி இறுக்கினால் சரியாகிவிடும். அந்த ஸ்க்ரூக்கள் எம்3 அளவு, 5 மி.மீ. நீளம் போதும். கைக்குக் கிடைத்த நீளமான ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கியிருந்தால், அதன் முனை உள்ளே புகுந்து ட்ரேயை உரசிக்கொண்டிருக்கும். டிரைவைப் புதிதாகப் பொருத்திய அன்றிலிருந்து இந்தக் கோளாறு என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

முழுவதும் வெளியே வந்துவிட்டு உடனே மூடிக்கொள்கிறது என்றால் கதை வேறு. "ட்ரே கடைசிவரை வந்துவிட்டது" என்று சொல்லும் சின்ன சுவிட்ச்சில் தூசி படிந்திருக்கும், அல்லது இஜெக்ட் பட்டன் உள்ளேயே அழுந்தி நிற்கும்.

ஊசித் துளை: கடைசி வழி அல்ல, சரியான வழி

ட்ரேயின் முகப்பில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு துளை இருக்கும். மின்சாரம் இல்லாமலே திறக்கத் தயாரிப்பாளரே வைத்தது அது. சில கணினிப் பெட்டிகளில் அலங்கார மூடி அதை மறைத்திருக்கும். அந்த மூடியைக் கீழே மடக்கினால் தெரியும்.

ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி 5 செ.மீ. நேரான கம்பியாக்கிக்கொள்ளுங்கள். குண்டூசி நீளம் போதாது. தையல் ஊசி வழுக்கி உள்ளே விழுந்தால் அதை எடுக்க டிரைவையே பிரிக்க வேண்டிவரும். கம்பி வளைந்து நெளிந்து இருந்தாலும் உள்ளே போகாது, மேசைமேல் உருட்டி நேராக்குங்கள்.

1. கணினியை அணைத்து மின் பிளக்கைக் கழற்றுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரை எடுத்துவிட்டு முழுவதும் ஷட் டவுன் செய்யுங்கள், தூக்க நிலை போதாது.

2. ஒரு நிமிடம் பொறுங்கள். வேகமான டிரைவில் சிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவில் சுழல்வது. அது நிற்கும் முன் திறந்தால் டிஸ்க்கும் கீறும், லென்ஸும் போகும்.

3. கம்பியைத் தரைக்குக் கிடையாக, நேராக உள்ளே விடுங்கள். சாய்த்தால் சுவரில் முட்டி நிற்கும்.

4. லேப்டாப்பில் "கிளிக்" என்று ஒரு சத்தம் கேட்கும், ட்ரே துள்ளி வெளியே வரும். அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் கம்பி எதிலோ முட்டுவது கைக்குத் தெரியும். அதுதான் நெம்புகோல். அங்கேயே நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. சீராக, இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அழுத்தித் தள்ளுங்கள். தண்டு கீழிறங்கி ட்ரே அரை சென்டிமீட்டரோ ஒன்றோ வெளியே வரும்.

5. முகப்பின் இரு ஓரத்தையும் விரல்களால் பிடித்து நேராக இழுங்கள். ஒரு ஓரத்தை மட்டும் இழுத்தால் ட்ரே கோணலாகித் தடத்தில் இறுகும்.

கம்பி எதிலும் முட்டாமல் முழுவதும் போகிறது என்றால் துளையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். பழைய டிரைவ்களில் ஹெட்ஃபோன் துளையும் முகப்பிலேயே இருக்கும், அது இதைவிடப் பெரியது.

ட்ரே விரலளவு வந்து நின்றுவிட்டது

இங்கே பலத்தைக் காட்டினால்தான் டிரைவ் உடைகிறது. டெஸ்க்டாப்பில், டிஸ்க் ட்ரேயின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் மேலே தூக்கி நிற்கும். இரண்டு டிஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கலாம். ஒட்டிய காகித லேபிள் உரிந்து மேலே உள்ள காந்தத் துண்டில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிரைவைச் செங்குத்தாகப் பொருத்தியிருந்தால், நான்கு மூலைப் பிடிகளில் சிக்காமல் டிஸ்க் நழுவி விழுந்திருக்கும். 8 செ.மீ. சின்ன டிஸ்க்கைச் செங்குத்து டிரைவில் போடவே கூடாது.

ட்ரேயைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மறுபடி இழுத்து, அசைத்துப் பாருங்கள். வராவிட்டால் தடிமனான பிளாஸ்டிக் தாள் ஒன்றை (கோப்பு உறையை வெட்டிக்கொள்ளலாம், உலோக அளவுகோல் வேண்டாம்) ட்ரேயின் மேல் இடைவெளியில் தட்டையாக விடுங்கள். டிஸ்க்கின் மேல் பக்கம் அதை நுழைத்து, கீழ்நோக்கி மெல்ல அழுத்தியபடி ட்ரேயை இழுத்தால், தூக்கி நிற்கும் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்கி வழிவிடும்.

லேப்டாப் டிரைவிலும் இதே பிளாஸ்டிக் தாள்தான், காரணம் மட்டும் வேறு. அங்கே மேலிருந்து பிடிக்கும் காந்தம் கிடையாது. நடுத்தண்டில் உள்ள மூன்று சின்னப் பிடிகள்தான் டிஸ்க்கின் 15 மி.மீ. துளையைக் கவ்வும். டிஸ்க் வைக்கும்போது நடுவில் அழுத்தி "டக்" என்று உட்கார வைக்காவிட்டால், அது மிதந்து மேல் தகட்டில் உரசும். இன்னொன்றும் கவனியுங்கள். மெல்லிய டிரைவில் மோட்டாரும் லேசரும் ட்ரேயிலேயே இருக்கின்றன, பின்னால் ஒரு நாடா கேபிள் மடிந்து மடிந்து இணைக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் கிழிவது அந்த நாடாதான். அதற்குப் பிறகு டிரைவ் குப்பைக்கு.

உள்ளே துண்டு துண்டாகச் சலசலக்கும் சத்தம் கேட்டால் டிஸ்க் உடைந்திருக்கிறது. நடு வளையத்தில் விரிசல் விட்ட டிஸ்க்கை வேகமான டிரைவில் போட்டால் இது நடக்கும். மறுபடி மின்சாரமே கொடுக்க வேண்டாம். டிரைவைக் கழற்றி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து திறந்து துண்டுகளை எடுங்கள். டிஸ்க்கை மீட்க வேறு காரணம் இல்லையென்றால் புது டிரைவ் வாங்கிவிடுவதே நேரத்துக்கு லாபம்.

ட்ரே இல்லாமல் டிஸ்க்கை விழுங்கும் வகைக்கு

கார் ஸ்டீரியோ போல ஒரு பிளவு மட்டும் இருக்கும் டிரைவ்களில் ரப்பர் உருளைகள் டிஸ்க்கை இழுத்துக்கொள்கின்றன. பெரும்பாலானவற்றில் ஊசித் துளை கிடையாது. பிளவு கீழ்நோக்கி இருக்கும்படி கணினியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இஜெக்ட் கொடுங்கள். உருளைக்கு எடை துணை செய்யும். விளிம்பு தெரிந்ததும் பிடித்துவிடுங்கள், இல்லையென்றால் திரும்ப இழுத்துக்கொள்ளும். 8 செ.மீ. டிஸ்க், விசிட்டிங் கார்டு வடிவ டிஸ்க் இவை இதற்குள் போனால் உருளைகளுக்கு எட்டாமல் நடுவில் கிடக்கும். டிரைவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

பெல்ட் மாற்றுவது

ஊசித் துளை வழியாகத் திறக்கிறது, பட்டனுக்குத் திறப்பதில்லை, மோட்டார் சத்தமும் கேட்கிறது என்றால் பிரிப்பதற்குப் பயப்பட வேண்டாம். டிரைவைக் கணினியிலிருந்து முழுவதும் கழற்றிய பிறகுதான் தொடங்க வேண்டும். மூடி இல்லாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. டிவிடி எழுதும் லேசர் கண்ணைக் கெடுக்கும், புளூ-ரேயின் லேசரும் அப்படியே.

முதலில் ஊசியால் ட்ரேயை வெளியே இழுத்து வையுங்கள். ட்ரேயின் முகமூடியை அடியில் உள்ள கொக்கியை நெம்பி மேல்நோக்கித் தூக்கினால் வந்துவிடும். இதைச் செய்யாமல் முன்முகப்பைக் கழற்ற முயன்றால் இரண்டும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். அடுத்து டிரைவைக் கவிழ்த்து அடித்தகட்டின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். பக்கங்களிலும் அடியிலும் உள்ள கொக்கிகளை அழுத்தினால் முன்முகப்பு கையோடு வரும். பெல்ட் முன்பக்கத்தில், ட்ரேக்குக் கீழே இருக்கும். பல டிரைவ்களில் ட்ரே முழுவதும் வெளியே இருந்தாலே கண்ணுக்குத் தெரியும், சாமணத்தால் எடுத்துவிடலாம்.

எடுத்த பெல்ட்டைத் தட்டையாக மடித்து நீளத்தை அளங்கள். 40 மி.மீ. வந்தால் சுற்றளவு 80, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் ஏறத்தாழ 25.5 மி.மீ. பழையது நீண்டுபோனது என்பதால் இதைவிட ஐந்து சதவீதம் சிறியதாக, 24 மி.மீ. அளவில் வாங்குங்கள். தடிமன் பழையதைப் போலவே இருக்க வேண்டும். இன்னும் சிறியதாக வாங்கி இறுக்கினால் நல்லது என்று தோன்றும், ஆனால் அதிக இழுவை மோட்டார் தண்டை ஒரு பக்கம் இழுத்துத் திணறடிக்கும்.

புதுப் பெல்ட்டைப் போடுமுன் இரண்டு கப்பியையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பழைய ரப்பரின் மெழுகுப் படலம் மிச்சமிருந்தால் புதுப் பெல்ட்டும் வழுக்கும். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் பெல்ட்டைச் சாமணத்தாலேயே மாட்டுங்கள். ட்ரே ஓடும் பிளாஸ்டிக் தடத்தில் துளி அளவு சிலிக்கான் கிரீஸ் தடவலாம். தெளிக்கும் எண்ணெய் எதுவும் வேண்டாம், அது பெல்ட்டுக்கும் லென்ஸுக்கும் பரவிவிடும்.

புதுப் பெல்ட் வரும்வரை பழையதைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, நன்றாக உலர்த்தி மாட்டலாம். ரப்பர் கொஞ்சம் சுருங்கிப் பிடி திரும்பும், நிலைக்காது. சாதாரண ரப்பர் பேண்டைச் சுற்றிப் போடுவது உள்ளே மாட்டிய டிஸ்க்கை ஒரு முறை வெளியே எடுக்க மட்டும் சரி. அதை அப்படியே விட்டுவிட்டால் சில மாதத்தில் நைந்து பிசுபிசுத்துக் கப்பியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டி எடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.